அவள் உள்ளே இருந்த வரைக்கும்

எண்பதுகளின் கடைசி அது. நாங்கள் அப்போது கிள்ளானில், ஒரு சீனருடைய இரும்புச் சாமான் கடைக்கு மேல் மாடியில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் துறைமுகத்துக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் ஷா ஆலாமில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்து, வயிறு தெரிய ஆரம்பித்ததும் நின்றுவிட்டேன். கல்யாணமாகிச் சில வருஷங்கள் காத்திருந்து தரித்த முதல் பிள்ளை.

எனக்குப் பிரசவம் என்றாலே நடுக்கம். பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்கு நடுவில் பலகைச் சுவர்தான். பக்கத்து வீட்டில் யாராவது பிள்ளை பெற்றால் அந்தச் சத்தம் முழுக்க எங்கள் வீட்டுக்குள் கேட்கும். அது என் காதை விட்டுப் போகவே இல்லை. அதனால்தான், பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை மத்தியானங்களில் கர்ப்பிணிகளுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது, புருஷனும் கூட வரவேண்டும், மூச்சு விடுவதிலிருந்து பிள்ளையைக் குளிப்பாட்டுவது வரைக்கும் சொல்லித் தருகிறார்கள் என்று கூட வேலை செய்த ஒருத்தி சொன்னதும் உடனே பெயரைக் கொடுத்துவிட்டேன்.

"ஆம்பளைங்க அங்க போயி என்னா செய்யறது?" என்றார் என் கணவர். அவர் அதிகம் பேசாதவர், கூச்சக்காரர்.

"சும்மா வந்து உக்காருங்க, போதும்" என்றேன்.

வகுப்பு தொடங்குவதற்கு முன்னாலேயே எல்லாம் மாறிப்போனது. வழக்கமாகப் பார்க்கும் கிளினிக்கில், மாசத்துக்கு ஏற்ற மாதிரி வயிறு வளரவில்லை என்று சொல்லி, கோலாலம்பூரில் பெரிய டாக்டர் ஒருவரிடம் ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள். அவரும் ஒரு தமிழ்ப் பெண்தான். முதலில் சிரித்துப் பேசிக்கொண்டே வயிற்றில் அந்தக் கருவியை வைத்தார். பிறகு பேச்சு நின்றுவிட்டது. வயிறு முழுக்கத் திரும்பத் திரும்பத் தேடினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஸ்கிரீனைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துத்தான் சொன்னார். பிள்ளைக்கு இரண்டு கிட்னியும் உருவாகவில்லை. பிள்ளை சிறுநீர் கழித்தால்தான் வயிற்றுக்குள் தண்ணீர் சேரும். தண்ணீர் இல்லாததால் நுரையீரல் வளரவில்லை.

"ஆபரேஷன் ஏதாச்சும் இருக்கா டாக்டர்?" என்று கேட்டார் என் கணவர்.

"இல்லீங்க. எங்கயும் இல்ல. சிங்கப்பூர் போனாலும் இல்ல." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "உள்ள இருக்குற வரைக்கும் அதுக்கு ஒரு கஷ்டமும் இல்லம்மா. உங்க மூச்சுலதான் அது இருக்கு. வெளிய வந்தா, தானா மூச்சு விடணும். அதுக்கு முடியாது."

இப்போதே மருந்து கொடுத்து வலி வரவைக்கலாம், இல்லாவிட்டால் தானாக வரும்வரை காத்திருக்கலாம், எப்படியிருந்தாலும் முடிவு ஒன்றுதான் என்றார். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஓர் உதை. தண்ணீர் இல்லாததாலோ என்னவோ, அவள் உதைத்தால் நேராக என் விலா எலும்பில் வந்து படும். அப்போதெல்லாம் அது அவளா அவனா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. இப்போது எழுதும்போது 'அது' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

"தானா வரட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் யாரிடமும் நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் அம்மா பந்திங்கிலிருந்து அழுதுகொண்டே வந்து இறங்குவார்; மாமியார் கோயில் கோயிலாக வேண்டுதல் வைப்பார். பிள்ளை உள்ளே உயிரோடு இருக்கும்போதே வீடு எழவு வீடாகிவிடும். அது எனக்கு வேண்டாம்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நான் குளித்து, தளர்வான கவுனைப் போட்டுக்கொண்டு, கட்டிலிலிருந்து ஒரு தலையணையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வகுப்புக்கு ஆளுக்கொரு தலையணை கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். என் கணவர் என்னையும் தலையணையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க போறோம்?"

"கிளாஸுக்கு."

"உனக்கு என்னா பைத்தியமா? அங்க போயி என்னாத்த கத்துக்கப் போற?"

"பெக்கப் போறது நான்தானே? செத்துப் போற பிள்ளைன்னா வலி கொறச்சலா இருக்குமா?"

அவர் செருப்பை மாட்டினார். மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றக் கூடாது என்று பஸ்ஸில்தான் போனோம். தலையணையை அவர் மடியில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்கத்துக் கட்டடத்தின் மேல்மாடி. கீழே பூக்கடையும் ஒரு சாப்பாட்டுக் கடையும். மேலே பாய் விரித்து, ஐந்தாறு ஜோடிகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிக் கொடுத்தவர் ஆஸ்பத்திரியில் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து அம்மா. எல்லோரும் அவரைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பருத்திச் சேலை, மார்பில் குத்திய கைக்கடிகாரம், கணீரென்ற குரல். இங்கிலீஷில் ஆரம்பித்து, எங்களைப் பார்த்ததும் தமிழில் சொல்வார், அங்கிருந்த ஒரு சீன ஜோடிக்காக மலாயில் ஒருமுறை சொல்வார்.

ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே வந்தார். "எத்தனையாம் மாசம் பிள்ளை?"

"ஏழு முடியப் போகுது சிஸ்டர்."

"முதல் பிள்ளையோ? எல்லாம் நல்லபடிதானே?"

"நல்லபடிதான் சிஸ்டர்" என்றேன். பக்கத்தில் என் கணவர் பாயைப் பார்த்துக் குனிந்துகொண்டது எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு மூச்சு விடுவதைக் கற்றுக்கொண்டோம். வலி ஏறும்போது எப்படி, இறங்கும்போது எப்படி. தள்ள வேண்டாம் என்று மிஸ்ஸி, அதாவது பிரசவ அறை நர்ஸ், சொன்னால் வாயைத் திறந்து நாய் இளைப்பது மாதிரி மூச்சு விடவேண்டும். அப்போது தள்ள நினைத்தாலும் தள்ள வராது. எல்லோரும் சேர்ந்து இளைத்தோம். ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். என் பக்கத்தில் சாலாக் செலாத்தானிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பள்ளி டீச்சர் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். வாயாடி. வயிறு முன்னால் பானை மாதிரித் தள்ளிக்கொண்டு நின்றது. என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எவ்ளோ சின்னதா இருக்கு லா! குடுத்து வச்சவங்க. டக்குன்னு பெத்துடுவீங்க பாருங்க" என்றாள்.

திரும்பி வரும்போது என் கணவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். வீட்டுக்கு வந்து, "இனிமே போக வேணாம்" என்றார். அடுத்த சனிக்கிழமை நான் தலையணையை எடுத்ததும் மறுபடியும் செருப்பை மாட்டினார்.

வலிக்குப் பயந்துதான் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். எனக்கும் நானே அதைத்தான் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அந்த மாடியில் யாருக்கும் எதுவும் தெரியாது. அங்கே என் பிள்ளையும் மற்றப் பிள்ளைகளைப் போல ஒரு பிள்ளை. டீச்சர் கேட்பாள், தொட்டிலா கட்டிலா என்று. நான் தொட்டில் என்பேன். சேலையில் கட்டுவதா, கம்பித் தொட்டிலா? என் கல்யாணத்துச் சேலையில் கட்டப் போகிறோம், கொக்கி அடித்தாகிவிட்டது என்பேன். எங்கள் வீட்டு உத்தரத்தில் கொக்கி எதுவும் கிடையாது. வாயில் அது பாட்டுக்கு வரும். சொல்லும்போது அந்தத் தொட்டில் ஆடுவதை நான் கண்ணால் பார்ப்பேன்.

மூன்றாவது வாரமோ என்னவோ, டீ குடிக்கும் நேரத்தில் டீச்சருடைய புருஷன் என் கணவரிடம், "உங்களுக்குப் பையன் வேணுமா பொண்ணு வேணுமா பிரதர்?" என்று கேட்டார். இவர் வழக்கம்போலச் சிரித்துவிட்டு விடுவார் என்று நினைத்தேன்.

"பொண்ணுதான்" என்றார். "மோட்டார்ல முன்னால உக்கார வச்சு போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன். பெரிய பெரிய கப்பல் வருது அங்க. எல்லாத்தையும் காட்டணும். எங்க சூப்பர்வைசர் நல்லவரு, ஒன்னும் சொல்ல மாட்டாரு."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் அதுவரை கேட்டதில்லை. டீ கப்பைக் கீழே வைத்துவிட்டுக் கழிவறைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில், ஆட்கள் நிறைந்த பஸ்ஸில், அவர் தலையணையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். தோள் குலுங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு மலாய்ப் பெரியவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நான் என் கணவர் முதுகைத் தடவிக்கொண்டே வந்தேன். வலி வந்தால் மனைவியின் முதுகை எப்படித் தடவுவது என்று அன்றைக்குத்தான் ஆண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அதற்கு அடுத்த வகுப்பில் சிஸ்டர் ஒவ்வொருவரையும் திரைக்குப் பின்னால் படுக்க வைத்து, பிள்ளை எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறது என்று தொட்டுப் பார்த்துச் சொன்னார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் முறை வந்தபோது மறுக்கவும் முடியவில்லை. அவர் கையைச் சூடு வரத் தேய்த்து என் வயிற்றில் வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. மறுபடி அழுத்தினார். பக்கவாட்டில் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். என் கவுனைச் சரிசெய்துவிட்டு, "எல்லாரும் போனாப் பிறகு நீர் கொஞ்சம் நில்லும் பிள்ளை" என்றார்.

மற்றவர்கள் போகும்வரை நாங்கள் இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்திருந்தோம். டீச்சர் படியிறங்கும்போது கையை ஆட்டிவிட்டுப் போனாள்.

"ஸ்கேன் எடுத்தனீங்களோ?" என்று கேட்டார் சிஸ்டர்.

நான் பேச ஆரம்பிக்க, வாய் கோணியது. என் கணவர்தான் சொன்னார். கிட்னி, தண்ணீர், நுரையீரல், எல்லாவற்றையும், டாக்டர் சொன்ன அதே வரிசையில். சிஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?" என்றார். பிறகு, "நீர் இனி இஞ்சை வந்து கஷ்டப்பட வேண்டாம். மற்றத் தாய்மாருக்குத் தெரிஞ்சாலும் பயந்து போயிடுவினம். நான் கிள்ளானுக்கு உங்கடை வீட்டை வந்து சொல்லித் தாறன்" என்றார்.

அவர் நல்லதைத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அடித்த மாதிரி இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சிஸ்டர், வர வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க. எம்புள்ளைக்கு இங்கதான் எல்லாம் நடக்குது. குளிக்குது, பால் குடிக்குது, தொட்டில்ல தூங்குது. வீட்டுக்குப் போனா அதுக்கு ஒன்னுமே இல்ல சிஸ்டர்."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

"சரி. வாங்கோ" என்றார் கடைசியில். பிறகுதான் வேறு எந்த வகுப்பிலும் சொல்லியிருக்க முடியாததைச் சொன்னார். "இப்பிடிப் பிள்ளை பிறந்தால் நாங்கள் தாய்க்குக் காட்டுறேல்லை. துணியாலை மூடிக் கொண்டு போயிடுவம். பார்த்தால் தாய் தாங்கமாட்டாள் எண்டுதான் எங்களுக்குப் படிப்பிச்சது. நானும் அப்பிடித்தான் செய்தனான், எத்தனையோ பேருக்கு. பிறகு அந்தப் பெண்டுகள் வார்டிலை என்னைக் காணேக்கை கேப்பினம், என்ன பிள்ளை, ஆரைப்போல இருந்தது எண்டு. எனக்குச் சொல்லத் தெரியாது. நான் வடிவாப் பார்த்திருந்தால்தானே." அவர் என் கையை இறுக்கினார். "நீர் கேளும். என்ரை கையிலை தாங்கோ எண்டு வாயைத் திறந்து கேளும். கேக்காட்டிக் கிடைக்காது. பேரையும் யோசிச்சு வைச்சுக்கொண்டு போம்."

மிச்சமிருந்த வகுப்புகளுக்கும் போனோம். பொம்மையைத் தண்ணீரில் வைத்துக் குளிப்பாட்டினேன், கழுத்தைத் தாங்கிப் பிடித்து, காதுக்குள் தண்ணீர் போகாமல். சிஸ்டர் என்னை மற்றவர்களைத் திருத்துவது போலவே திருத்தினார். "தலை, தலை! தலையை விட்டிட்டீர்!" என்று சத்தம் போட்டார். அவர் பக்கத்தில் வந்து சத்தம் போட்டதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

எட்டு மாதம் தாண்டி, ஒரு காலையில் துணி காயப்போடும்போது வலி வந்தது. கீழ்க்கடை ஆப்பேக், அந்தச் சீனப் பெரியவர், துறைமுகத்துக்குப் போன் போட்டு என் கணவரை வரவழைத்து, டேக்சியும் பிடித்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார் என் கணவர். அதற்குமேல் அவரை விடவில்லை. அந்தக் காலத்தில் புருஷனைப் பிரசவ அறைக்குள் விடமாட்டார்கள். கதவு மூடும்போது அவர் சட்டையில் கிரீஸ் கறையோடு நின்றது தெரிந்தது.

வலியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லோருக்கும் வருவதுதான். கற்றுக்கொண்ட மூச்சு உதவியது, அதையும் சொல்லவேண்டும். ஆனால் கடைசிக் கட்டம் வந்து மலாய் மிஸ்ஸி, "தெரான்! தெரான்!" என்று கத்தினாள். தள்ளு, தள்ளு என்று. எனக்குள் அப்போது ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. தள்ளினால் என் பிள்ளை செத்துப்போகும். உள்ளே இருக்கும்வரை அதற்கு ஒரு கஷ்டமும் இல்லை. டாக்டர் சொல்லியிருக்கிறார். என் மூச்சில் இருக்கிறது. நான் ஏன் தள்ளவேண்டும்?

வாயைத் திறந்து நாய் மாதிரி இளைத்தேன்.

மிஸ்ஸிக்கு முதலில் புரியவில்லை. "ஜாங்கான் தாஹான்!" என்று திட்டினாள். அடக்காதே என்று. நான் இளைத்தேன். அடுத்த வலி வந்தது, இளைத்தேன். கட்டில் கம்பியைப் பிடித்த கையில் ரத்தம் கட்டிவிட்டது. அவர்கள் டாக்டரைக் கூப்பிடப் பேசிக்கொண்டது கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் எதையும் நான் அவ்வளவு பிடிவாதமாகப் பிடித்து வைத்ததில்லை. முடியாது என்றும் தெரிந்தது. உடம்பு என் பேச்சைக் கேட்காமல் அதுவாகவே தள்ளத் தொடங்கியிருந்தது.

மூலையிலிருந்த இன்னொரு மிஸ்ஸி, கொஞ்சம் வயதானவள், என் ஃபைலைப் படித்துவிட்டு வந்து என் தலைமாட்டில் நின்றாள். அவள் கத்தவில்லை. என் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு மெதுவாக, "டிக், பேபி பூன் டா பெனாட்" என்றாள்.

தங்கச்சி, பிள்ளையும் களைத்துவிட்டது.

நான் வாயை மூடினேன். மூச்சைப் பிடித்துத் தள்ளினேன்.

பிறந்தாள். அழுகைச் சத்தம் இல்லை. பெண் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. துணியை எடுத்து மூடும் சத்தம் கேட்டது. ஒருத்தி நகர்ந்தாள்.

"பாகி சாயா" என்றேன். என்னிடம் கொடுங்கள். குரல் வெளியே வரவில்லை. அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். நான் எழுந்து உட்காரப் பார்த்தேன். "பாகி சாயா! அனாக் சாயா!" என் பிள்ளை, என் பிள்ளை என்று கத்தினேன். தமிழிலும் கத்தினேன். அறையே நின்றுவிட்டது. வயதான மிஸ்ஸி மற்றவளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

என் கையில் வைத்தார்கள். தலைக்குக் கீழே கையைக் கொடுத்தேன்.

நிறைய முடி. ஈரமாக, கருகருவென்று. மூக்கு கொஞ்சம் அமுங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே, தூக்கமில்லாத பெரியவர்களுக்கு இருக்குமே, அப்படி ஒரு மடிப்பு. நகங்கள் எல்லாம் சரியாக இருந்தன. என் கணவருடைய அம்மாவின் தாடை. அதைப் பார்த்ததும், அந்த நேரத்திலும், எனக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. வாயை லேசாகத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். காற்றைத் தேடினாள் என்று நினைக்கிறேன். அந்த நினைப்பு இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

வயதான மிஸ்ஸி யாரையும் கேட்காமல் கதவைத் திறந்து என் கணவரை உள்ளே கூட்டி வந்தாள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, தன் முகத்தைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார். காதில் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அப்புறம் அவர் பேசிக்கொண்டே இருந்தார். நாங்கள் இருக்கும் வீடு, கீழே இருக்கும் கடை, அவர் ஓட்டும் வண்டி, மழை வந்தால் கூரை எங்கே ஒழுகும் என்பதுவரை. அவள் வாய் திறப்பது நின்ற பிறகும் அவர் நிறுத்தவில்லை. எனக்கும் அது தெரியவில்லை. மிஸ்ஸிதான் குனிந்து பார்த்து, அவர் தோளில் கை வைத்தாள்.

மறுநாள் என் கணவரும் அவருடைய அண்ணனும் போய் அவளைப் புதைத்துவிட்டு வந்தார்கள். நான் வார்டில் இருந்தேன். இரண்டு பக்கமும் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. வீட்டுக்கு வந்த பிறகு பால் சுரந்தது. வகுப்பில் பால் நன்றாகச் சுரக்க என்ன சாப்பிடவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள், நிறுத்துவது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. பந்திங்கிலிருந்து வந்த அம்மா மல்லிகைப் பூ வாங்கி வந்து மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். அப்படிக் கட்டினால் பால் வற்றுமாம். பூ வாடி, பால் நாற்றத்தோடு சேர்ந்து ஒரு வாடை வரும். நான் அதற்குப் பிறகு தலையில் மல்லிகை வைத்ததில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால், கிள்ளானில் துணிக்கடைக் கூட்டத்தில் யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். சாலாக் செலாத்தான் டீச்சர். இடுப்பில் கொழுகொழுவென்று ஒரு பையன்.

"ஐயோ, உங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன்! பாருங்க எம்மவன, இந்தாங்க, தூக்குங்க!" என்று நான் வாய் திறப்பதற்குள் பிள்ளையை என் கையில் திணித்துவிட்டாள். "உங்க பாப்பா எங்க? பையனா, பொண்ணா?"

நல்ல கனம். என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தான். தூங்குகிறாள், வீட்டில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அந்த மாடியில் எத்தனை சொன்னேன், இன்னொன்று சொல்வதா கஷ்டம்? ஆனால் என் மகள் இப்போது பிறந்து, முகத்தோடு, பெயரோடு இருந்தவள். அவளை வீட்டில் தூங்க வைக்க என்னால் முடியவில்லை.

"பொண்ணு" என்றேன். "பொறந்த அன்னிக்கே போயிட்டா."

டீச்சருடைய முகம் வெளுத்தது. அவள் கை தானாக நீண்டு பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டது. வாங்கிய பிறகுதான் அவளுக்கே தான் செய்தது தெரிந்தது. "அக்கா, நான் அப்படி நெனைக்கல..." என்று அழ ஆரம்பித்தாள். நானும் அவளைத் தப்பாக நினைக்கவில்லை. என் கையில் பிள்ளை இருந்து, எதிரில் அப்படி ஒருத்தி நின்றிருந்தால் நானும் வாங்கியிருப்பேன். ஜனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அவரவர் வழியில் போய்விட்டோம். அன்றைக்கு நான் ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

எங்களுக்கு அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. காலம் ஆற்றும் என்று பலர் சொன்னார்கள். என்னை ஆற்றவில்லை, பழக்கிவிட்டது, அவ்வளவுதான். அந்தச் சிஸ்டர் சொல்லியிருக்காவிட்டால் பிள்ளையைக் கையில் கேட்டு வாங்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்காது. அதற்காக அவரை நினைக்காத நாளில்லை.

ரொம்ப காலம், ஸ்கேன் எடுத்ததற்கும் வலி வந்ததற்கும் நடுவில் இருந்த நாட்களை அவள் சாவுக்காகக் காத்திருந்த நாட்கள் என்றுதான் நினைத்திருந்தேன். வயதான பிறகு, ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. அவள் வாழ்ந்ததே அந்த நாட்களில்தான். பஸ்ஸில் வந்தது, நாங்கள் சிரித்ததைக் கேட்டது, அவள் அப்பா அழுதபோது கூட இருந்தது, எல்லாம் உள்ளே இருந்தபடிதான். அது அப்போதே எனக்குப் புரிந்திருந்தால் அவ்வளவு பயந்து பயந்து இருந்திருக்க மாட்டேன். அவளோடு இன்னும் கொஞ்சம் பேசியிருப்பேன்.